கைபோன போக்கில் கட்டம் தைப்பது: வெட்டுத்துணியில் ஒட்டுப்போர்வைக்கு முழு வழிகாட்டி

என் மிஷினுக்கு அடியில் ஒரு பழைய அரிசிப் பை எப்போதும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஜாக்கெட் வெட்டும்போது விழுகிற துண்டையெல்லாம் காலாலேயே அதற்குள் தள்ளிவிடுவேன். சாதாரண நாளில் அது நிரம்ப இரண்டு மாதம் ஆகும், தீபாவளிக்கு முந்தைய மாதம் என்றால் பத்தே நாள். நிரம்பினால் பாதியைப் பக்கத்து மெக்கானிக் கடைக்கு வண்டி துடைக்கக் கொடுப்பேன், மீதி குப்பை வண்டிக்குப் போகும். பதினைந்து வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மார்கழியில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் சின்ன நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். நாங்கள் கிருஷ்ணகிரிக்காரர்கள், குளிர் என்றால் விடியற்காலை கொஞ்ச நேரம் என்று நினைத்திருப்பவர்கள். அங்கே ராத்திரி எட்டு மணிக்கே பல் கிட்டியது. பரணிலிருந்து ஒரு போர்வையை இறக்கிப் போட்டாள். பெல்காம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி தைத்துக் கொடுத்ததாம், கவுதி என்று பேர். பழைய புடவை, லுங்கி, பாவாடை எல்லாம் துண்டு துண்டாக, ஒன்றின் அளவு இன்னொன்றோடு சேரவே சேராது, ஆனால் மொத்தமாகப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. நான் தூங்காமல் அதைப் புரட்டிப் புரட்டி, எங்கே தொடங்கியிருப்பார், எந்தத் துண்டுக்கு அப்புறம் எந்தத் துண்டு என்று தையலைத் தடவிக்கொண்டிருந்தேன். "அண்ணி, போத்திக்கக் கொடுத்தா வேவு பாக்கறீங்களே" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் அரிசிப் பையைக் கவிழ்த்தேன். இதுவரை நான்கு போர்வை ஆகியிருக்கிறது, தலையணை உறையும் பையும் கணக்கில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி அலுத்துப் போனதால் மொத்தத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன். நேராகத் தையல் போடத் தெரிந்தால் போதும், யாரும் செய்யலாம். தொழிலாகத் தைக்கிறவர்களுக்குத்தான் ஒரு கஷ்டம் உண்டு. டேப்பைக் கழுத்தில் போடாமல் கத்தரியைத் தொடாத கை நம்முடையது. இந்த வேலையிலோ தைத்துவிட்டு வெட்ட வேண்டும், வெட்டியதைத் திரும்பத் தைக்க வேண்டும், அளவு என்பது கடைசியில் ஒரே ஒரு தடவை. துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிற ஒரு சதுரத்தைத்தான் கட்டம் என்கிறேன், அப்படிப் பல கட்டம் சேர்ந்தால் ஒரு போர்வை. என்னுடைய முதல் மூன்று கட்டமும் பள்ளிக்கூட டெஸ்க் மாதிரி விறைப்பாக வந்ததற்குக் காரணம், ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு இஞ்ச் என்று சாக்பீஸில் கோடு போட்டு வெட்டிக்கொண்டிருந்ததுதான்.

இதற்கு இம்ப்ரொவைசேஷனல் குயில்டிங் என்று இன்றைக்குப் பெரிய பேர் இருக்கிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்று வளைவுக் கிராமத்தில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டித் தலைமுறை தலைமுறையாகத் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் அப்புறம் நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் ஓவியம் மாதிரி தொங்கின. 2006இல் அவற்றை அமெரிக்கத் தபால்தலையிலும் போட்டார்கள். எந்த மாதிரிப் படத்தையும் பார்க்காமல் தன் மனம்போல் தைப்பதை அவர்கள் "என் வழி" என்பார்களாம். நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், சித்தி என்ற ஆப்பிரிக்க வழிவந்த சமூகத்துப் பெண்கள் போர்வையின் ஓரத்தில் தொடங்கி உள்ளே நோக்கித் துண்டு வைத்துக்கொண்டே வந்து நடுவில் முடிக்கிறார்கள், எல்லாம் கைத்தையல். நம் தர்மபுரி மாவட்டத்திலும் அரூர் பக்கம் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் தங்கள் பாட்டிமார் போட்ட ஊசிவேலையை மீட்டெடுத்துப் போர்கை என்ற பெயரில் செய்துவருகிறார்கள்; அந்தச் சொல்லுக்கு அவர்கள் பேச்சில் பெருமை என்று அர்த்தம். அது எம்ப்ராய்டரி, இதிலிருந்து வேறான வேலை, ஆனாலும் ஊசி பிடிக்கிறவர்கள் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டியது.

சரி, வேலைக்கு வருவோம்.

எந்தத் துணி ஆகும், எது ஆகாது

பருத்தி மட்டும். இதில் நான் பிடிவாதக்காரி. லைனிங் துணி, பாப்ளின், டூ பை டூ, கைத்தறி ஜாக்கெட் பிட், லுங்கி, நைட்டித் துணி, பழைய காட்டன் புடவை எல்லாம் நன்றாகப் படியும். பட்டு ஜாக்கெட் துண்டு பார்க்க ஆசையாக இருக்கும், வேண்டாம். ஜரிகை உறுத்தும், துவைக்கவும் முடியாது. ஷிஃபான், சாட்டின், ஜார்ஜெட் இஸ்திரிக்கு நிற்காது. நான் ஆசைப்பட்டு ஒரு மயில்கழுத்துச் சாட்டின் துண்டை நடுவில் வைத்துத் தைத்து, பருத்திச் சூட்டிலேயே பெட்டியை வைத்தேன். துண்டு சுருங்கிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது, அடுத்த நாள் வாடிக்கைக்காரருக்குத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் நீலத் தீற்றலாக இறங்கியது. சட்டைக்குக் காசு கொடுத்தேன்.

சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறினதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். டூ பை டூ என்று விற்பதிலேயே கலப்பு நிறைய வருகிறது, அதனால் பேரை நம்பாமல் நூலைக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும். துண்டு சின்னதாக இருந்தால் ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி அலசுங்கள், இல்லையென்றால் நூல் பிரிந்து எல்லாம் ஒரே சிக்காகிவிடும். அரக்குச் சிவப்பு, கருநீலம், பச்சை ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள்: ஈரத்துண்டை வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தால் கறை விழக் கூடாது. விழுந்தால் இன்னும் இரண்டு அலசல், அப்போதும் விழுந்தால் தூக்கிப் போடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள், எனக்கு நின்றதே இல்லை. என் முதல் போர்வையில் ஒரே ஒரு சிவப்புச் சுங்குடித் துண்டு, சுற்றியிருந்த ஏழு கட்டத்தையும் இளஞ்சிவப்பாக்கியது. வீட்டில் இப்போதும் அதற்கு ஹோலிப் போர்வை என்றுதான் பேர்.

பிரித்து வைப்பது

எல்லோரும் நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். நான் மூன்று டப்பா வைத்திருக்கிறேன்: உள்ளங்கையைவிடப் பெரியது, நீளப் பட்டை, உள்ளங்கைக்குச் சின்னது. நிறத்தில் பார்க்க வேண்டியது வெளிறலா அடர்த்தியா என்பது மட்டும்தான். மஞ்சளும் பச்சையும் கண்ணுக்கு வேறுவேறாகத் தெரியும், ஆனால் இரண்டும் ஒரே அடர்த்தி என்றால் தைத்த பிறகு ஒன்றோடு ஒன்று கலந்து கட்டம் செத்துவிடும். போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், எது எதற்குள் மறைகிறது என்று உடனே தெரியும். இந்த ஒரு வித்தையை என் மகள்தான் காட்டிக் கொடுத்தாள்.

ஜாக்கெட் வெட்டுத்துணிக்கு ஒரு குணம் உண்டு, அதைப் புரிந்துகொள்ளாமல் தொடங்கினால் கஷ்டம். அதில் சதுரமாக எதுவுமே இருக்காது. கைக்குழி வெட்டியதில் பிறை மாதிரி விழும், பின்கழுத்தில் யு மாதிரி விழும், கைக்கும் உடம்புக்கும் நடுவே நீட்டு முக்கோணம் விழும். இவற்றில் பாதி ஓரங்கள் கிராஸாக, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக இருக்கும், இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். துண்டைக் கையில் எடுத்ததும் நேரிழை எந்தப் பக்கம் என்று லேசாக இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். கிராஸ் ஓரம் கட்டத்துக்கு உள்ளே போகட்டும், நேர் ஓரம் வெளியே வரட்டும். முடியாத இடத்தில் என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

மிஷினைத் தயார் பண்ணுவது

காலால் மிதிக்கிற சாதாரண மிஷின் போதும், என்னுடையது அதுதான். 14 நம்பர் ஊசி, புதிதாக. தையலுக்கு விடுகிற துணி எல்லா இடத்திலும் கால் இஞ்ச். ஜாக்கெட்டுக்குப் பிரித்து விட வேண்டுமே என்று தாராளமாக விட்டுப் பழகியவர்களுக்கு இது பயமாக இருக்கும், ஆனால் அதற்கு மேல் விட்டால் சின்னத் துண்டில் மிஞ்சுவதே இல்லை. மிஷின் காலின் ஓரத்தை நம்ப வேண்டாம், ஒவ்வொரு காலும் ஒவ்வொரு அகலம். ஊசியை இறக்கி, அதிலிருந்து கால் இஞ்ச் தள்ளித் தட்டின்மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை நீளமாக ஒட்டிவிடுங்கள். துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போனால் சரி.

தையல் நெருக்கமாக இருக்க வேண்டும், இஞ்சுக்குப் பன்னிரண்டாவது விழ வேண்டும். இங்கே தைத்ததை வெட்டிக்கொண்டே இருப்போம், முனையில் கெட்டித் தையல் போட வாய்ப்பே கிடையாது, தையல் தளர்வாக இருந்தால் வெட்டின இடத்திலிருந்து பிரிந்துகொண்டு வரும். நூல் நிறத்துக்கு மண்டையை உடைக்காதீர்கள். சாம்பல் நிற நூல் ஒரு கண்டு வாங்கினால் எல்லாத் துணிக்கும் போகும்.

இஸ்திரிப் பெட்டி மிஷினுக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு தையலுக்கும் பெட்டி வைக்க வேண்டும், "அப்புறம் மொத்தமாகத் தேய்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் அந்தக் கட்டம் கடைசிவரை படியாது. பெட்டியை இழுக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். இழுத்தால் கிராஸ் ஓரம் நீண்டு, கட்டம் அப்பளம் மாதிரி நெளியும்.

முதல் கட்டம்: நடுவிலிருந்து வெளியே

பழகுவதற்கு இதுதான் நல்ல வழி. போன வாரம் தைத்த ஒன்றை அப்படியே சொல்கிறேன்.

நடுவுக்கு மாம்பழ மஞ்சளில் ஒரு துண்டு, கைக்குழிப் பிறை. அதன் வளைவைக் கத்தரியால் நாலு வெட்டு வெட்டி, ஏறக்குறைய மூன்று இஞ்சில் கோணல் நாற்கரமாக்கினேன். ஓரம் நேராக இருக்க வேண்டும், மூலை தொண்ணூறு டிகிரியாக இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் இருக்கவே கூடாது. அடுத்து வீட்டுக்காரரின் பழைய லுங்கியிலிருந்து நீலக் கட்டம் போட்ட பட்டை ஒன்று, ஒரு முனை இரண்டு இஞ்ச், மறுமுனை ஒன்றரை. நல்ல பக்கமும் நல்ல பக்கமும் உள்ளே பார்க்கும்படி வைத்து, மஞ்சளின் ஒரு ஓரத்தில் கால் இஞ்ச் விட்டுத் தைத்தேன். பட்டை நீளமாக இருந்தால் இருக்கட்டும், தைத்து முடித்துப் பிரித்து, பெட்டி வைத்து அழுத்திவிட்டு, அப்புறம்தான் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்ட வேண்டும். முதலிலேயே வெட்டினால் கோணலுக்கு ஏற்ப ஒரு பக்கம் குறைந்து நிற்கும், இதில் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டுவார்கள்.

கட்டத்தைக் கால்வாசி திருப்பி அடுத்த ஓரத்தில் அடுத்த பட்டை. அது வெள்ளை மல் துணி. மூன்றாவது ஓரத்துக்குப் பட்டை நீளம் போதவில்லை. போதாவிட்டால் என்ன, ஒரு துணுக்குச் சிவப்பை அதோடு ஒட்டுப்போட்டு நீளமாக்கினேன், கட்டம் முடிந்த பிறகு பார்த்தால் அந்தச் சிவப்புத் துணுக்குதான் கண்ணை இழுத்தது. நாலாவது ஓரத்தில் மறுபடி லுங்கி. ஒரு சுற்று முடிந்தால் கட்டம் மூன்று இஞ்ச் போல வளர்ந்திருக்கும்: இரண்டு இஞ்ச் பட்டையில் அரை இஞ்ச் தையலுக்குள் போய்விடுகிறது, மிச்சம் ஒன்றரை, இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று. அப்படி மூன்று சுற்று போனால் ஒரு அடி வந்துவிடும், ஏதாவது ஒரு பக்கம் குறைந்தால் அங்கே மட்டும் நாலாவது பட்டை.

ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கத்தரியை எடுத்து ஒரு ஓரத்தையாவது வேண்டுமென்றே கோணலாக வெட்டுங்கள். அடுத்த பட்டை அந்தக் கோணலில் உட்காரும்போது கட்டம் முழுக்க லேசாகச் சுழல்கிற மாதிரி தெரியும். இதை யோசித்துச் செய்தால் வராது, கை போகிற போக்கில் வெட்ட வேண்டும். நான்கைந்து கட்டத்துக்குப் பிறகு எனக்கே தெரியாமல் கை பழகிவிட்டது.

ஒரே நேரத்தில் நான்கு கட்டம் தொடங்குங்கள். ஒன்றின் தையல் முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்ததை ஊசிக்கு அடியில் கொடுத்துக்கொண்டே போனால் தோரணம் மாதிரி வரும், நூலும் மிச்சம், பெட்டி வைக்கும் வேலையும் நாலு நாலாக முடியும்.

வெட்டித் திருப்புவது

முதல் கட்டம் சுமாராக வந்தால் வருத்தப்படாமல் குறுக்கே வெட்டுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். தைத்து முடித்த கட்டத்தை ஒரு மூலைக்குப் பக்கத்திலிருந்து எதிர் மூலைக்குப் பக்கமாக ஒரே கோட்டில் வெட்டி, ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி சேர்த்தால் அது வேறு கட்டம். ஓரம் சேராத இடத்தில் ஒரு துண்டு ஒட்டுப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். என் அத்தை இதைப் பார்த்துவிட்டு, "தச்சதைப் போய் யாராவது வெட்டுவாங்களா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா" என்று திட்டினார். மறுநாள் அவரே உட்கார்ந்து, "இதையும் வெட்டேன், பாக்கலாம்" என்றார்.

வெட்டின இடத்தில் ஒல்லியான ஒரு கோடு நுழைப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, தெரிந்துகொண்டால் அளவைப் பற்றிய கவலையே இருக்காது. வெட்டின இரண்டு ஓரத்திலும் தையலுக்குக் கால் கால் இஞ்ச் போகும், ஆக அரை இஞ்ச் நஷ்டம். நுழைக்கும் பட்டையை ஒரு இஞ்ச் அகலத்தில் வெட்டினால், தைத்த பிறகு அது அரை இஞ்ச் தெரியும். போனது அரை, வந்தது அரை, கட்டம் பழைய அளவிலேயே நிற்கும். இன்னும் ஒல்லியாக வேண்டுமென்று முக்கால் இஞ்ச் வைத்தால் கட்டத்தில் கால் இஞ்ச் குறையும். அதனால் ஒரு கட்டத்தில் எத்தனை கோடு வேண்டுமானாலும் நுழைக்கலாம், ஒரு இஞ்ச் பட்டையாக இருக்கும்வரை. சாய்வாக வெட்டி நுழைக்கும்போது இரு பக்கத்துத் தையல் கோடுகளும் ஒன்றுக்கொன்று நேராக வராமல் கொஞ்சம் நகர்ந்து நிற்கும், அதைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம், அந்த நகர்வில்தான் அழகு இருக்கிறது. ஒல்லிப் பட்டை மட்டும் நேரிழையில் வெட்டியதாக இருக்கட்டும். கிராஸில் வெட்டினால் பாம்பு மாதிரி வளையும்.

வளைவும் கழுத்துத் துண்டும்

கை ஏற்றத் தெரிந்தவருக்கு வளைவு ஒன்றுமே இல்லை. இரண்டு துணியையும் நல்ல பக்கம் மேலே தெரியும்படி, ஒன்றின்மேல் ஒன்று ஐந்தாறு இஞ்ச் ஏறியிருக்க வைத்து, ஏறியிருக்கிற இடத்தில் இரண்டையும் சேர்த்து ஆறு வளைகிற மாதிரி ஒரே வெட்டு. மேல்துணியின் ஒரு பக்கத்தையும் கீழ்துணியின் மறு பக்கத்தையும் எடுத்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும், மிச்சத்தை டப்பாவில் போடுங்கள். குழிந்த ஓரத்தில் அரைக்கால் இஞ்ச் ஆழத்துக்குச் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்து, குண்டூசி இல்லாமல் இரண்டு இரண்டு இஞ்சாகச் சேர்த்துப் பிடித்துத் தைக்க வேண்டும். முதலில் மெதுவான வளைவாக வெட்டுங்கள், தென்பெண்ணை வளைகிற மாதிரி போதும், கொண்டை ஊசி வளைவுக்கெல்லாம் அப்புறம் போகலாம்.

பின்கழுத்திலிருந்து விழுகிற யு துண்டைக் குப்பையில் போட எனக்கு மனமே வருவதில்லை. பெரிய கழுத்து கேட்கிற இந்தக் காலத்தில் அது பப்பாளிப் பாதி மாதிரி ஏழெட்டு இஞ்ச் இருக்கிறது. இதை இன்னொரு துணிக்குள் வைத்துத் தைக்க, யு துண்டைப் பின்னணித் துணியின்மேல் வைத்து, அதன் ஓரத்தை ஒட்டிச் சாக்பீஸில் வரையுங்கள். அந்தக் கோட்டிலேயே வெட்டிவிடாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். கோட்டுக்கு அரை இஞ்ச் உள்ளே தள்ளி இன்னொரு கோடு போட்டு அதில் வெட்டினால்தான் இரண்டு பக்கத் தையலும் ஒரே இடத்தில் வந்து சேரும். மிஷினில் பயமாக இருந்தால் யு துண்டின் ஓரத்தைக் கால் இஞ்ச் மடித்து அழுத்தி, பின்னணியின்மேல் வைத்து எம்மிங் போட்டுவிடுங்கள். துவைக்கத் தாங்கும், நெருக்கமாகப் போட்டிருந்தால்.

துணுக்குகளுக்கு

உள்ளங்கைக்குச் சின்னது, இரண்டு இஞ்ச், மூன்று இஞ்ச், இவற்றைச் சும்மா ஜோடி ஜோடியாகத் தைத்துக்கொண்டே போங்கள். ஜோடியும் ஜோடியும், அப்புறம் நாலும் நாலும். இடையிடையே ஓரத்தை நேராக வெட்டிவிட்டால் ஒரு மணி நேரத்தில் கை அகலத்துக்கு ஒரு புதுத் துணி கிடைக்கும். அதை மற்ற கட்டங்களுக்கு நடுத்துண்டாக வைக்கலாம். இந்த வேலைக்கு மூளை தேவையில்லை, டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

ரொம்ப மெல்லிய, ரொம்ப நீளுகிற துண்டுகள், கிராஸ் ஓரம் வெளியே வந்தே தீரும் என்கிற துண்டுகள், இவற்றுக்கு அடியில் ஒரு தாங்கல் வேண்டும். பழைய வேட்டியை ஒரு அடிக்குக் கொஞ்சம் பெரிதாகச் சதுரமாக வெட்டி, அதன்மேல் முதல் பட்டையை நல்ல பக்கம் மேலே வைத்து, இரண்டாவதை அதன்மேல் கவிழ்த்து வேட்டியோடு சேர்த்துத் தைத்துப் பிரித்துப் படியவைத்து, அப்படியே ஓரம்வரை போங்கள். வேட்டி போர்வையோடேயே இருந்துவிடும், கனமும் கதகதப்பும் கூடும். வேட்டி இல்லையென்றால் காகிதம். நியூஸ் பேப்பர் வேண்டாம், பெட்டிச் சூட்டில் மை இறங்கும். பிள்ளைகளின் பழைய நோட்டிலிருந்து எழுதாத தாள் எடுங்கள், தையலை இன்னும் நெருக்கமாக வைத்தால் கடைசியில் தாள் தானாகக் கிழிந்து வரும். காகிதத்தில் தைத்தால் ஊசி மழுங்கும், அந்த ஊசியோடு அப்படியே ஜாக்கெட் தைக்கப் போகாதீர்கள்.

அளவு, கடைசியில்

இப்போதுதான் டேப். டேப்கூட வேண்டாம், எனக்கு ஒரு டைல்ஸ் போதும். வீட்டுக்குத் தரை போட்டபோது மிஞ்சிய ஒரு அடி டைல், சரியாகச் சொன்னால் 30 சென்டிமீட்டர். மூலை நாலும் கச்சிதமாகத் தொண்ணூறு, கனமாக இருப்பதால் துணி நகராது. கட்டத்தை இஸ்திரி போட்டு விரித்து, டைலை மேலே வைத்து, நேராகவும் வைத்துப் பாருங்கள், லேசாகச் சாய்த்தும் வைத்துப் பாருங்கள், எங்கே அழகாக இருக்கிறதோ அங்கே நிறுத்திச் சுற்றிலும் கோடு போட்டு வெட்ட வேண்டியதுதான். அதனால்தான் கட்டத்தை டைலைவிட எல்லாப் பக்கமும் அரை இஞ்சாவது பெரிதாகத் தைக்க வேண்டும். ஒரு மூலையில் குறைந்தால் அங்கே ஒரு பட்டை சேர்த்துவிட்டு மறுபடி டைலை வையுங்கள். வெட்டின கையோடு ஓரத்தைச் சுற்றி, விளிம்பிலிருந்து அரைக்கால் இஞ்ச் உள்ளே ஒரு தளர்வான ஓட்டுத்தையல் போட்டுவிட்டால், அடுக்கி வைத்திருக்கும்போது தையல் பிரியாது, கிராஸ் ஓரமும் நீளாது.

கட்டம் நடுவில் குமிழ் மாதிரி எழும்பினால் ஏதோ ஒரு ஓரம் நீண்டு உள்ளே மாட்டியிருக்கிறது. தண்ணீர் தெளித்துப் பெட்டியை அழுத்திப் பாருங்கள். போகவில்லை என்றால் குமிழின் நடுவே வெட்டி ஒரு இஞ்ச் பட்டையை நுழையுங்கள், அதற்கும் அதுவே மருந்து, வெட்டும்போது எழும்பி நிற்கிற மிச்சத் துணியைக் கழித்துவிடலாம். பல தையல் ஒரே இடத்தில் சேர்ந்து கல் மாதிரி தடித்துவிட்டால், பின்பக்கம் தையலை இரண்டாகப் பிரித்துப் படியவைத்து, பழைய துணியை மேலே போட்டு ஒரு தட்டு தட்டுங்கள். அந்த இடத்தில் மிஷினை மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்தால் ஊசி உடையாது.

சேர்ப்பது

30 சென்டிமீட்டரில் இரு பக்கத் தையலும் போக ஏறக்குறைய 28.75 மிஞ்சும். அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு ஏழு, ஆக 35 கட்டம் தைத்தால் 144க்கு 201 சென்டிமீட்டர், ஒருவர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம். குழந்தைக்கு என்றால் மூன்றுக்கு நாலு, 12 கட்டம் போதும்.

கட்டங்களைத் தரையில் பரப்பி, நாற்காலியில் ஏறி நின்று பாருங்கள். சுவரில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் பருத்திக் கட்டம் குண்டூசி இல்லாமலே அதில் ஒட்டிக்கொள்ளும், ஒரு வாரம் அப்படியே விட்டுப் போகும்போது வரும்போது மாற்றிக்கொண்டிருக்கலாம். எல்லாக் கட்டமும் ஒரே சத்தமாக இருந்தால் கண்ணுக்குக் களைப்பு. ஐந்தாறு கட்டத்தை ஒரே நிறத் துணியில் வெறுமனே விட்டுவிட்டால் மற்றவை மூச்சுவிடும். நான் காடா துணியை அப்படி வைப்பேன், பின்பக்கத்துக்கும் அதையேதான். மொத்தமாக வாங்க வேண்டியிருந்தால் பர்கூர் போய்விடுவேன், வரிசையாக ஜவுளிக் கடைகள் இருக்கிற அந்த ஊரைக் குட்டி சூரத் என்று சும்மாவா சொல்கிறார்கள். அங்கே போனால் காடாவை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவது என்பதுதான் நடக்காத காரியம்.

கட்டங்களை வரிசையாகத் தைத்து, வரிசையோடு வரிசையைச் சேர்த்தால் மேல்விரிப்பு தயார். கீழே காடா, நடுவே நைந்த காட்டன் புடவை இரண்டு மடிப்பு, மேலே இது, மூன்றையும் சுருக்கமில்லாமல் பரப்பி, நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி பெரிய பெரிய ஓட்டுத்தையலால் தற்காலிகமாகப் பிடித்துவிட்டு, அப்புறம் கனமான நூலில் கைத்தையல் ஓட்டுங்கள், வரிசைக்கு வரிசை மூன்று விரல் இடைவெளி. எங்கள் வீட்டில் இதை அத்தைதான் செய்கிறார், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் எந்தத் துண்டு யார் வீட்டு ஜாக்கெட் என்று சொல்லிக்கொண்டே. அதற்கு ஒரு மாதம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. ஓரத்துக்கு இரண்டரை இஞ்ச் பட்டையை இரண்டாக மடித்துச் சுற்றிலும் பிடித்துத் திருப்பி எம்மிங்.

முதல் சலவை பச்சைத் தண்ணீரில், தனியாக, ஊறவைக்காமல். நனைந்தால் தனியாளாகத் தூக்க முடியாத கனம் கனக்கும், பிழிய இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். காடா பக்கம் வெயிலைப் பார்க்கும்படி, கொடியில் போடாமல் கட்டிலில் விரித்துக் காயவைக்கவும்.